அடுத்த வீட்டு ஜேர்மன் பிள்ளை

டெட்ரொயிட் விமான நிலையத்திலிருந்து மேற்கே கால் மணி நேரம் காரில் போனால் வில்லோ ரன் என்ற இடம் வருகிறது. இன்று அங்கே பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. பரந்த வெளி, ஒரு விமான ஓடுபாதை, பழைய தொழிற்சாலை ஒன்றின் எஞ்சிய துண்டு, அவ்வளவுதான். ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்று இங்கேதான் நின்றது. மோட்டார் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்ட் கம்பனி இங்கே பி-24 ரகக் குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. அந்த ரகத்தில் மொத்தம் 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் செய்யப்பட்டன. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஓர் இடத்திலிருந்து பறந்தவை. வேலை உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்ததாம். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் ஆயிரக்கணக்கான பெண்கள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இங்கே விமான இறக்கைகளுக்குத் தறையாணி அடித்தார்கள். ஜேர்மன் நகரங்களின் மேல் குண்டு போட்ட விமானங்களில் அவர்கள் கைபட்டவையும் இருந்தன.

போர் 1945இல் முடிந்தது. ஆறே ஆண்டுகள் கழித்து, 1951இல், 75 ஜேர்மன் பிள்ளைகள் இதே மிச்சிகன் மாநிலத்துக்கு வந்து இறங்கினார்கள். தோற்றுப்போன எதிரி நாட்டின் பதின்ம வயதுப் பிள்ளைகள். அவர்களை இங்குள்ள குடும்பங்கள் தத்தம் வீடுகளில் ஓராண்டு வைத்துச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பின. வில்லோ ரன்னுக்குப் பக்கத்து ஊரான ஆன் ஆர்பரைச் சேர்ந்த ரேச்சல் அண்ட்ரசன் என்ற அம்மையார் முன்னின்று நடத்திய ஏற்பாடு அது. 'யூத் ஃபோர் அண்டர்ஸ்டாண்டிங்' என்ற பெயரில் அது வளர்ந்து இன்று பல நாடுகளில் நடக்கிறது. இதற்கு முன்னரே, இரு உலகப் போர்களிலும் காயப்பட்டோரை அம்புலன்ஸில் ஏற்றித் திரிந்த அமெரிக்கத் தொண்டர்கள், 'ஏ.எஃப்.எஸ்' என்ற தங்கள் சங்கத்தின் மூலம் இப்படியொரு மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கியிருந்தார்கள். பிணங்களைத் தூக்கிக் களைத்த மனிதர்களுக்கு இந்த யோசனை தோன்றியதில் வியப்பில்லை.

இந்தப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் என் தங்கச்சியின் குடும்பம் வசிக்கிறது. மச்சான் கார் உதிரிப்பாகக் கம்பனியொன்றில் எஞ்சினியர். 2019ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஆறு வாரம் அவர்களோடு தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் அறுபது வயதை ஒட்டிய ஓர் அமெரிக்கத் தம்பதியினர். அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து வெவ்வேறு மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டின் மாடி அறையில் அவ்வாண்டு ஜேர்மனியின் ஹனோவர் நகரத்துப் பிள்ளையொருவன் இருந்தான். வயது 16. மெலிந்த உயரமான பையன். எங்கள் வீட்டு மதிலே இல்லாத முற்றத்தில் (அங்கே வீட்டுக்கு வீடு மதில் கட்டுவதில்லை) என் மருமகனோடு பந்து விளையாட வருவான். அப்படித்தான் பழக்கம் ஏற்பட்டது.

அவன் வந்தது அமெரிக்கக் காங்கிரஸும் ஜேர்மன் பாராளுமன்றமும் சேர்ந்து நடத்தும் திட்டத்தின் கீழ். 1683இல் க்ரேஃபெல்ட் ஊரிலிருந்து 13 குடும்பங்கள் ஒரே கப்பலில் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தன. அதன் 300 ஆண்டு நிறைவையொட்டி 1983இல் தொடங்கிய திட்டம் இது. தேர்வாகும் ஜேர்மன் பிள்ளைக்கு அவனது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பொறுப்பாளர் போல இருப்பார். செலவைத் திட்டம் ஏற்கும். ஆனால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ஒரு சதமும் கிடையாது. இது எனக்கு முதலில் நம்பமுடியாமல் இருந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர் பரிமாற்ற விசாவின் விதிகளே அப்படி. வருமான வரிக் கணக்கில் மாதம் 50 டொலர் வரை தர்மமாகக் காட்டலாம், அவ்வளவே. பதின்ம வயதுப் பையன் ஒருவன் ஒரு மாதத்தில் என்ன சாப்பிடுவான் என்பதைப் பிள்ளை பெற்ற சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அதே விதிகள் மற்ற விடயங்களில் கறாரானவை. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரின் மீதும் குற்றப் பதிவு உண்டா என்று தேடிப்பார்த்த பிறகுதான் பிள்ளையைத் தருவார்கள். வீட்டுக்கே வந்து நேரில் பேசுவார்கள். பிள்ளைக்குத் தனிக் கட்டில் இருக்கவேண்டும். அறையைப் பகிர்வதென்றால் அதே பாலைச் சேர்ந்த ஒருவரோடு மட்டும். திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதம் ஒரு தடவையாவது பிள்ளையோடு பேசியாகவேண்டும். ஒத்துவராவிட்டால் வேறு குடும்பத்துக்கு மாற்றவும் வழியுண்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் வீடே அமைந்துவிடுவதில்லை.

நான் அரபு இலக்கணம் கற்பிக்கிறவன். விருந்தாளிக்கு அரபியில் 'ழைப்' என்று பெயர். இரண்டு பெயர்ச்சொற்களை ஒன்றோடொன்று சேர்ப்பதற்கு இலக்கணத்தில் 'இழாபத்' என்போம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சேர்த்துக்கொள்ளப்பட்டவன்தான் விருந்தாளி. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். மிச்சிகனில் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை வேறு விதமாகப் பார்த்தேன். அங்கே காந்தத்தால் ஒட்டியிருந்த தாளில் வீட்டு வேலைப் பங்கீடு எழுதியிருந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிவைப்பது ஐயா. சமைப்பது அம்மா. பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலிசெய்து அடுக்குவது பையன். விருந்தாளியாக வைத்து உபசரித்தால் இரண்டு கிழமையில் பிள்ளைக்கு வீட்டு ஏக்கம் வந்துவிடும், வேலை கொடுத்தால்தான் இது தன் வீடு என்று நினைப்பான் என்று அந்த அம்மையார் என் தங்கச்சியிடம் சொன்னாராம். அவர் ஏற்கெனவே இரண்டு பரிமாற்றப் பிள்ளைகளை வைத்திருந்தவர்.

முதல் வாரங்களில் சின்னச் சின்ன உரசல்கள் வராமல் இல்லை. ஜேர்மனியில் குளிர்காலத்திலும் காலையில் ஜன்னல்களை அகலத் திறந்து அறைக்குக் காற்று விடுவது வழக்கம். இங்கே பையன் அப்படித் திறந்து வைக்க, ஐயா கீழே ஹீட்டர் ஓடுகிறதே என்று பதறினார். உடுப்பை வெயிலில் காயப்போடக் கொடி எங்கே என்று அவன் கேட்டான். கொடியே இல்லை. அந்த வட்டாரத்தில் எல்லோரும் மின்சார இயந்திரத்தில்தான் உலர்த்துகிறார்கள். அவன் வீட்டில் மதியம் சமைத்த உணவு, இரவுக்குக் கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும். இங்கே மதியம் பாடசாலையில் அரை மணிக்கும் குறைவான நேரத்தில் ஏதோ விழுங்குவது, மாலை ஆறு மணிக்குச் சூடான சாப்பாடு. கடையில் விற்கும் ரொட்டியைக் கையால் அமுக்கிக் காட்டி, "இது தலையணை" என்றான் என்னிடம். அவன் பகிடி விட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும்விட அவனை வாட்டியது போக்குவரத்து. ஹனோவரில் 16 வயதுப் பிள்ளை ட்ராமிலும் சைக்கிளிலும் ஊர் முழுக்கத் தனியே சுற்றுவான். மிச்சிகன் சிற்றூரில் பஸ் இல்லை, பல வீதிகளில் நடைபாதையும் இல்லை. வகுப்புத் தோழர்கள் 16 வயதிலேயே காரோட்டுகிறார்கள். ஆனால் பரிமாற்ற மாணவர்களுக்குத் திட்டங்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன. ஆக, ஒரு பேனை வாங்கவும் அந்த அம்மையார் காரை எடுக்கவேண்டும். பத்து வயதுக்குத் திரும்பிப் போய்விட்டேன் என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான். ஆனால் அந்தக் கார்ப் பயணங்களில்தான் இருவரும் அதிகம் பேசினார்களாம். நேருக்கு நேர் முகம் பாராமல் பக்கத்தில் அமர்ந்து பேசும்போது பிள்ளைகள் மனம் திறப்பார்கள் என்பது பள்ளிப் பிள்ளைகளோடு பழகும் எனக்கும் தெரிந்ததுதான்.

காலை ஏழு மணிக்கு முன்பே மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் முனைக்கு வந்துவிடும். 1939இல் நாடெங்கும் ஒரே நிறமாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்த மஞ்சள் அது. ஜேர்மனியில் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பறையில் இருக்க, ஆசிரியர்கள் மாறி மாறி வருவார்கள். இங்கே ஆசிரியர் தன் அறையில் இருக்க, மணி அடித்ததும் ஆயிரம் பிள்ளைகள் தாழ்வாரத்தில் பாய்கிறார்கள். பாடங்கள் அவனுக்கு இலகுவாக இருந்தன. வட்டத்தைக் கறுப்பாக்கும் பரீட்சைகளைச் சற்று ஏளனமாகவே பேசினான். ஆனால் விளையாட்டில் வாய் பிளந்தான். ஜேர்மனியில் பிள்ளைகள் விளையாடுவது ஊர்ச் சங்கங்களில். இங்கே வெள்ளிக்கிழமை இரவு பாடசாலை மைதானத்தில் விளக்குகள் எரிய, பேண்ட் வாத்தியம் முழங்க, பேரப்பிள்ளையோடு வந்த கிழவர்கள் வரை போர்வையைப் போர்த்திக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறார்கள். ஊரே பாடசாலையைத் தன் சொத்தாக நினைக்கிறது. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதில் சற்றுப் பொறாமைதான்.

இரண்டு விடயங்களை அவன் மெல்லிய குரலில் சொன்னான். ஒன்று, காலையில் எல்லோரும் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு விசுவாசம் சொல்வது. அவன் பாட்டன்மார் காலத்தில் ஜேர்மனியில் கொடிக்கு முன் கை உயர்த்தி என்ன நடந்தது என்பதை அங்குள்ள பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். ஆகவே அவன் எழுந்து நிற்பான், வாய் திறக்கமாட்டான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1943இலேயே, அதுவும் போர் உச்சத்தில், தீர்ப்பளித்திருக்கிறது.

மற்றது, துப்பாக்கிக்காரன் புகுந்தால் என்ன செய்வதென்ற ஒத்திகை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் மூச்சுக் காட்டாமல் குந்தியிருப்பது. அமெரிக்கப் பிள்ளைகள் அதைத் தீயணைப்பு ஒத்திகை போல எடுத்துக்கொள்வதுதான் தனக்கு அதிர்ச்சி என்றான். தன் தாய்க்கு இதைச் சொல்லவில்லை என்றும் சொன்னான். 2021 நவம்பர் 30இல் இதே மிச்சிகனில் ஒக்ஸ்ஃபர்ட் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியை வாசித்தபோது அவன் முகம்தான் எனக்கு நினைவில் வந்தது.

வார இறுதி வந்தால் அவனைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஃப்ராங்கன்மூத் என்ற ஊருக்குக் கூட்டிப் போனார்கள். நாங்களும் பின்னால் எங்கள் காரில் சென்றோம். 1845இல் ஜேர்மனியின் ஃப்ராங்கோனியாப் பகுதியிலிருந்து வந்த லூதரன் கிறிஸ்தவர்கள் பதினைந்து பேர் அமைத்த ஊர் அது. வீடுகளின் முகப்பில் மரச்சட்டங்கள், பூந்தொட்டிகள், பவேரிய ஆடை அணிந்த பரிசாரகப் பெண்கள், மேசை நிறையக் கோழிப் பொரியல். ஆண்டில் 361 நாட்களும் திறந்திருக்கும் பிரமாண்டமான கிறிஸ்மஸ் கடையொன்று வேறு. எங்களுக்குக் கோழி ஆகாது, உருளைக்கிழங்கும் கோவாவும் சாப்பிட்டோம். அம்மையாருக்கு ஒரே மகிழ்ச்சி, பிள்ளைக்கு அவன் ஊரைக் காட்டிவிட்டோம் என்று. பிள்ளையோ வடக்கு ஜேர்மனிக்காரன். பவேரிய உடுப்பை அவன் வாழ்நாளில் அணிந்ததில்லை. யாழ்ப்பாணத்தானுக்குக் கண்டி நடனம் காட்டி உன் ஊர் இதுதானே என்றால் எப்படியிருக்கும்! ஆனாலும் அவன் அதை வெளிக்காட்டவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

உணவகத்து மணிக்கூண்டில் நேரத்துக்கு மணி இசைக்க, பொம்மைகள் வெளியே வந்து ஒரு கதையைக் காட்டின. ஹேமலின் நகரத்து எலிகளைக் குழலூதி விரட்டியவன், பேசிய கூலி கிடைக்காததால் அந்நகரத்துப் பிள்ளைகளையும் குழலூதி அழைத்துப் போன கதை. 1284ஆம் ஆண்டு 130 பிள்ளைகள் அப்படிப் போய்த் திரும்பவேயில்லை என்பது ஐதீகம். பையன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஹேமலின் அவன் வீட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரமாம். மடமடவென்று எல்லோருக்கும் கதையைச் சொன்னான்.

அடுத்த வாரம் எங்கள் முறை. தங்கச்சி வீட்டுக்கு ஹலால் இறைச்சி வாங்க டியர்போன் நகரத்துக்குப் போவார்கள். ஃபோர்ட் கம்பனியின் தலைமையகம் அங்குதான். லெபனானிலிருந்தும் யெமனிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த அரபு மக்கள் பெருந்தொகையாக வாழும் ஊரும் அதுதான். கடைப் பலகைகளில் அரபு எழுத்து. பையனும் அம்மையாரும் எங்களோடு வந்தார்கள். காலையில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். 1955 டிசம்பர் முதலாம் திகதி மொன்ட்கொமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்த அதே பஸ் வண்டி அங்கே நிற்கிறது. ஏறி உட்காரலாம். பையன் நெடுநேரம் அதில் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்தவன், இந்த ஹென்றி ஃபோர்ட் தன் பத்திரிகையில் யூதர்களுக்கு எதிராக எழுதவைத்ததும், 1938இல் நாஸி அரசின் விருதை ஏற்றதும் உங்களுக்குத் தெரியுமா என்று அம்மையாரிடம் கேட்டான். அவர் தலையசைத்தார். தன் கணவரின் குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தக் கம்பனிச் சோற்றில் வளர்ந்தது என்றார். பிறகு இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

பசியோடு ஓர் அரபுக் கடைக்குள் நுழைந்தோம். செங்குத்தான கம்பியில் சுழன்று வேகும் இறைச்சியைக் கண்டதும் அந்தப் பிள்ளை போட்ட சத்தம்! "டோனர்! டோனர்!" என்று. 1961இல் ஜேர்மனி துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தின்படி தொழிலாளர்களாகப் போன துருக்கியர்களின் கைப்பக்குவம் இன்று ஜேர்மன் பிள்ளைகளின் அன்றாடத் தீனியாகிவிட்டது. இது ஷவர்மா, டோனரல்ல என்று கடைக்காரர் திருத்தினார். பையன் கேட்பதாயில்லை. இரண்டு சுருள் சாப்பிட்டு மூன்றாவதைப் பொதிசெய்து வாங்கினான். ஃப்ராங்கன்மூத்தில் காணாத தன் ஊரை அவன் டியர்போனில் கண்டான். அம்மையார் அதைக் கவனித்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை தானே காரோட்டி அவனை அங்கே கூட்டிப் போனதாகத் தங்கச்சி எழுதினாள்.

அந்த வீட்டில் மாடிப்படியோரம் ஒரு பழைய படம் தொங்கியது. தலையில் துணி கட்டிய இளம் பெண், கையில் தறையாணி அடிக்கும் கருவி. ஐயாவின் தாயார். வில்லோ ரன்னில் வேலை செய்தவர். பையன் வந்த இரண்டாம் நாளே யாரென்று கேட்டான். உள்ளதைச் சொன்னார்கள். அன்று ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டானாம். சில நாட்கள் கழித்து இரவுச் சாப்பாட்டின்போது, தன் தாயின் பாட்டி ஹனோவரில் நிலவறையில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர் என்று சொன்னான். அந்நகரத்தின் மையப்பகுதியில் பெரும்பங்கு குண்டுவீச்சில் அழிந்தது. ஒரு தேவாலயத்தைக் கூரையில்லாமல் அப்படியே நினைவுச் சின்னமாக விட்டிருக்கிறார்கள். ஐயாவின் பதில் ஒரே வார்த்தைதானாம்: "என் தாய் அதை நினைத்து அழுததுண்டு." படத்தைக் கழற்றவா என்று அம்மையார் கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றான் பையன். படம் அங்கேயே இருந்தது. நானும் பார்த்தேன்.

ஒக்டோபரில் இலைகள் சிவந்திருந்த நேரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வடமேற்குக் கரைக்குப் போனோம். மிச்சிகன் ஏரியை ஏரி என்று சொல்ல மனம் வராது, மறுகரை தெரியாத கடல். கரையில் மலை போல மணற்குன்றுகள். 'உறங்கும் கரடி' என்பது அந்த இடத்தின் பெயர். 1970இலிருந்து தேசிய பாதுகாப்பிடம். மருமகனும் பையனும் ஓடி ஓடி ஏறி உருண்டு இறங்கினார்கள். வேறொரு பக்கத்தில் ஏறக்குறைய 450 அடி செங்குத்தாக ஏரிக்குள் இறங்கும் சரிவு. இறங்குவது எளிது, திரும்பி ஏற மணிக்கணக்காகும் என்று பலகை எச்சரிக்கிறது. பையன் இறங்கக் கேட்டான், ஐயா ஒரே அடியாக மறுத்தார். நீங்கள் என் வாப்பாவா என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காருக்குப் போனான், சொந்தப் பிள்ளையைப் போலவே.

பெயருக்கு ஒரு கதையுண்டு. ஒஜிப்வே என்ற பூர்வீகக் குடிகளின் கதை. மறுகரையில் காட்டுத்தீ பிடிக்க, ஒரு தாய்க் கரடி இரண்டு குட்டிகளோடு நீந்தியது. தாய் கரையேறியது. குட்டிகள் களைத்துப் பின்தங்கி மூழ்கிவிட்டன. தாய் மேட்டில் படுத்து அவற்றை எதிர்பார்த்தபடியே மணலுக்குள் மறைந்தது. குட்டிகள் இரண்டும் தீவுகளாக எழுந்தன. அந்தத் தீவுகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. அம்மையார் இதைச் சொல்லி முடித்தபின், ஜேர்மன் தாய் எழுதிய கடிதத்தைப் பற்றித் தங்கச்சியிடம் சொன்னார். பையன் வந்தபோது பெட்டிக்குள் இருந்ததாம். பசியில்லை என்றால் அவன் கவலையாக இருக்கிறான் என்று பொருள், இரண்டாம் தடவை கேளுங்கள், சாப்பிடுவான் என்று எழுதியிருந்ததாம். இரண்டு கரைகளிலும் இருந்த தாய்மார் முகம் பார்த்துப் பேசியது அதுவரை ஒரேயொரு முறைதான், அதுவும் தொலைபேசித் திரையில். முதல் மாதங்களில் வீட்டுக்கு அடிக்கடி பேசவேண்டாம் என்று திட்டக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த அறிவுரையைக் காப்பாற்ற ஜேர்மன் தாய் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று தங்கச்சி என்னிடம் கேட்டாள். அவளுடைய மூத்த மகள் அப்போது வேறு மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் நாடு திரும்பினேன். ஜூன் மாதம் வரை இருக்கவேண்டிய பையன் மார்ச் மாதமே போக நேர்ந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவவும் அமெரிக்க அரசு தன் மாணவர் பரிமாற்றத் திட்டங்களை நிறுத்தியது. இத்தகைய பிள்ளைகளை அவசரமாக ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை செய்தி வந்து வெள்ளிக்கிழமை விமானம் என்று தங்கச்சி சொன்னாள். வகுப்பாசிரியரிடம் விடைபெறவும் முடியவில்லை, பாடசாலை மூடிவிட்டது. அம்மையார் விமான நிலையத்துக்குள் நுழைய அனுமதியில்லாமல் வாசலிலேயே நின்றாராம். பையன் கொண்டுபோன பொதியில் மூன்று ஷவர்மாச் சுருள்கள் இருந்தன.

2022 கோடையில் அந்தத் தம்பதியினர் ஹனோவருக்குப் போனார்கள். பையனுக்கு அப்போது 19 வயது, காரோட்டும் அனுமதிப் பத்திரம் எடுத்திருந்தான். விமான நிலையத்துக்குத் தாயோடு வந்தவன், அவரைப் பின் ஆசனத்துக்கு அனுப்பிவிட்டு, அமெரிக்க அம்மையாரைத் தன் பக்கத்து ஆசனத்தில் உட்காரவைத்தான். முதலில் அவர்களைக் கூட்டிப் போனது ஹேமலினுக்கு.